கோடு போட்டவன்

ஊரில் இருக்கிற போர்டுகளில் பாதி பெயிண்டர் எழுதியவைதான். எழுதும்போது அவன் கை நடுங்காது; நாலு பேர் முன்னால் வாயைத் திறக்கச் சொன்னால்தான் உடம்பே நடுங்கும். அன்று நீதிமன்றத்தின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தான்.

சாயத் தொழிற்சாலை குடிதண்ணீரைக் கெடுக்கிறது என்று போராடிய பதினோரு பேர் மேல் நீதிமன்ற உத்தரவை மீறியதாக வழக்கு. தொழிற்சாலையின் எந்த வாசலிலிருந்தும் இருநூறு மீட்டருக்குள் கூடக் கூடாது என்று நீதிமன்றம் தடை போட்டிருந்தது. "நமக்கு எதுக்கு வம்பு? அளந்து கோடு போட்டு அந்தப் பக்கமே நிப்போம்" என்று சொன்னது அந்தப் பதினோரு பேரில் ஒருத்தியான அவனுடைய அக்கா. அளக்கிற வேலையைத் தம்பியிடம் கொடுத்தாள். உத்தரவையும் அவன் படிக்கத்தான் செய்தான். படித்து என்ன? முன்வாசலில் கம்பெனி பெயரை எழுதியவன் அவன். அவனுக்கு அது ஒன்றுதான் வாசல். அங்கிருந்து டேப் பிடித்துத் தெருவுக்குக் குறுக்கே வெள்ளைக் கோடு இழுத்தான். பக்கத்துத் தெருவில் வருஷக்கணக்காகப் பூட்டிக் கிடந்த அதே கம்பெனியின் லாரி வாசல் அவன் மண்டையில் உறைக்கவே இல்லை. பதினோரு பேரும் கோட்டைத் தாண்டாமல் சமர்த்தாக நின்றார்கள், லாரி வாசலுக்கு நூற்றிருபது மீட்டரில்!

"அளந்தவரே வந்து, தெரியாம நடந்துபோச்சுன்னு சொன்னா ஜட்ஜ் எச்சரிச்சு விட்டுடுவார்" என்று முந்தின நாளே சொல்லியிருந்தார் அவர்களுடைய வக்கீல். போராட்டத்தன்று பெயிண்டர் வேறு வேலையில் இருந்ததால் அவன் மேல் வழக்கு இல்லை. தானாகப் போய்த் தலையைக் கொடுப்பானேன், நகராட்சி போர்டு வேலை கைவிட்டுப் போய்விடுமே என்று மென்று முழுங்கினான். அக்காவும் அவனை எதுவும் கேட்கவில்லை.

"அந்தக் கோட்டைப் போட்டது யாரு?" என்றார் நீதிபதி.

பெயிண்டருக்கு முழங்கால் வரைக்கும் வந்த தைரியம் அதற்கு மேல் ஏறவில்லை. அக்கா ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். அவன் குனிந்து தன் செருப்பைப் பார்த்தான்.

"நான்தான் ஐயா" என்றாள் அக்கா.

"உத்தரவைப் படிச்சீங்களா?"

"படிச்சேன் ஐயா."

படித்தும் மீறியது நீதிமன்ற அவமதிப்பு என்றார் நீதிபதி. மற்ற பத்துப் பேருக்கும் எச்சரிக்கை. அக்காவுக்கு ஒரு மாதம் சிறை.

பெயிண்டர் அப்போதுதான் எழுந்தான். "ஐயா, அது வந்து..." அதற்குள் அடுத்த வழக்கைக் கூப்பிட்டுவிட்டார்கள். "உங்க கேஸ் முடிஞ்சிடுச்சு, வெளிய போங்க" என்று ஊழியர் கையைக் காட்டினார்.

நீதிமன்ற வாசலில் அக்காவின் கணவர் அவளுடைய கைப்பையை இடுக்கிக்கொண்டு நின்றார். பெயிண்டர் அவர் எதிரே போய் நின்றான்.

"மாமா, நான் மனுஷனே இல்ல. அந்தக் கோடு..."

"தெரியும்டா. உன் பேரை யாரும் சொல்லக் கூடாதுன்னு எல்லார்கிட்டயும் சத்தியம் வாங்கிட்டா."

"என்னைக் காப்பாத்தவா?"

"அதுக்கில்ல. நீயா எழுந்து சொல்லுவேன்னு நம்பிக்கிட்டு இருந்தா. சாயங்காலம் தம்பியும் வருவான்னு உனக்கும் சேர்த்து சமைச்சு வச்சிட்டுத்தான் கிளம்பினா."