தட்டினால் வரும் எழுத்து

இதில் வருவது அத்தனையும் நடந்தது. ஒரு எழுத்துப் பொய்யென்றால் எழுதிய கை விளங்காமல் போகட்டும்.

அந்தப் பத்திரிகைக்காரரை ஊரே தேள் என்றது. மரியாதை தெரிந்தவர்கள் தேளார் என்றார்கள். தையல்கடைக்கு மேலே ஒற்றை அறை எடுத்து எழுதிக்கொண்டிருந்தார். அவரிடம் ஒரு கோளாறு. வெளியே யாராவது கோபமாகக் கதவைத் தட்டினால்தான் எழுத்து ஓடும். முதல் கட்டுரை, இடிந்து விழுந்த பாலத்தைப் பற்றியது. கட்டிய கான்ட்ராக்டர் ஆள் கூட்டி வந்து கதவை இடித்தார். அந்த இடியில் பிடித்த பழக்கம். முஷ்டியால் குத்தினால் சின்னச் சின்ன வாக்கியமாக வரும். மோதிரக் கையால் தட்டும் வக்கீல்களுக்கு நீளமாக, ஆதாரத்தோடு வரும். காலால் உதைத்தால் நேரே தலைப்புதான். தட்டியவருக்கு அவர் திறந்ததே இல்லை. திறந்தால் எழுத்து நின்றுவிடுமே.

மாதத்துக்கு ஒரு கதவு செலவானது. தச்சர் கேட்பார், “அடுத்து யாரைப் பத்தி எழுதப் போறீங்கன்னு சொல்லிடுங்க சார். மரத்தை அதுக்குத் தக்கபடி போடுறேன்.”

இப்படி ஏழெட்டுப் புத்தகம், எண்ணிக்கை விட்டுப்போன வழக்குகள். அப்புறம் யாருடைய கண் பட்டதோ, விருது கொடுத்துவிட்டார்கள்.

அதோடு கெட்டது குடி. திட்டு வாங்கியவர்களெல்லாம் சிரிக்க ஆரம்பித்தார்கள். கான்ட்ராக்டர் தெருவில் மறித்துக் கையைப் பிடித்துக் குலுக்கினார். “என்னை நீங்க கிழிச்ச கட்டுரையை ஃபிரேம் போட்டு ஆபீஸ்ல மாட்டியிருக்கேன் சார். வர்றவன் முதல்ல அதைத்தான் படிக்கிறான்.” தேளார் கையை உருவிக்கொண்டு மாடியேறினார்.

சுயசரிதை அப்போது பாதியில் நின்றிருந்தது. உட்காருவார், எழுவார், ஜன்னலுக்குப் போவார். படியில் காலடி கேட்டால் பாய்ந்து பேனாவை எடுப்பார். வந்தவர் தண்ணீர் கேன் போடுகிறவராக இருப்பார். கீழேயிருந்து தையல்காரர் குரல் கொடுத்தார்: “சார், நீங்க குட்டி போட்ட பூனையாட்டம் நடந்தா எனக்குக் காலர் கோணுது.”

மனைவிக்குப் பொறுக்கவில்லை. தன் தம்பியை அனுப்பினாள். மச்சினன் கதவை மொத்தினான். “டேய், வெளிய வாடா. இன்னிக்கு உன்னை விடப்போறதில்ல. சத்தம் போதுமா அத்தான், இன்னும் கொஞ்சம் ஏத்தணுமா?”

அந்தத் தட்டலுக்கு ‘ஆகவே’ என்ற ஒரே சொல் வந்தது. அதற்கு முன்னும் ஒன்றுமில்லை, பின்னும் ஒன்றுமில்லை.

“போலித் தட்டு வேலைக்காகாதுடி,” என்றார் மனைவியிடம். “தட்டுறவங்களுக்கு நிஜமா வயிறு எரியணும்.”

அவள் சுயசரிதையில் அதுவரை எழுதியிருந்த பக்கங்களை வாங்கிக்கொண்டு போய்ப் படித்தாள்.

மறுநாள் காலை கதவில் விழுந்த தட்டு அவர் அதுவரை கேட்டறியாதது. உள்ளங்கை. அவசரமே இல்லை.

“நீங்க எழுதினதுல கான்ட்ராக்டரோட டிரைவர் வர்றான்,” என்றாள் மனைவி வெளியிலிருந்து. “அவன் வளர்த்த நாய் வருது, அதுக்கு ஒரு பக்கம். எந்தெந்தக் கதவு என்ன மரம்னுகூட வருது. நான் எங்கங்க?”

பேனா ஓடியது. வருஷக்கணக்காகக் காணாத ஓட்டம். அவள் தட்டத் தட்ட, ஜாமீனுக்கு அலைந்தவள் வந்தாள். கைப்பிரதியைத் தலையணைக்குள் வைத்துத் தைத்தவள் வந்தாள். அவர் ஜெயிலில் இருந்தபோது பிரசவ வார்டில் தனியாகப் படுத்திருந்தவள் வந்தாள்.

“பையோடதான் வந்திருக்கேன். திறக்கலன்னா தம்பி வீட்டுக்குப் போயிடுவேன். திரும்பி வரமாட்டேன்.”

திறந்தால் புத்தகம் போயிற்று. திறக்காவிட்டால் அவள். இன்னும் ஒரே பக்கம், இன்னும் ஒரே பக்கம் என்று கை பறந்தது. தட்டு நின்றது. படியில் காலடி இறங்கியது. வாக்கியமும் பாதியில் நின்றது.

தட்டியவருக்காகத் தேளார் தாழ்ப்பாளை நீக்கியது அதுதான் முதல் தடவை. நாலு படி கீழே அவள் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“எழுதி முடிச்சிட்டீங்களா?”

“பாதியில நிக்குது. கிடக்கட்டும். நீ வா.”

“எந்த இடத்துல நிக்குது?”

“நீ ஆஸ்பத்திரியில இருந்த இடத்துல.”

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “இப்பவும் என்னை அங்கதான் விட்டுட்டு வந்தீங்களா?” பையைப் படியிலேயே வைத்துவிட்டு மேலே வந்தாள். “உள்ள போய்த் தாழ்ப்பாளைப் போடுங்க. எனக்கு இன்னும் ஆத்திரம் தீரல.”

கை விளங்காமல் போய்விடக் கூடாதென்று இதையும் சொல்லிவிடுகிறேன்: அந்த அறைக்கு வீட்டுக்காரர் கடைசிவரை கதவே போட்டுத் தரவில்லை; ஒரு நீலத் திரைதான் தொங்கியது.