வெட்டிய கேள்விகள்

இதுவரை எடுத்தது ஒன்பது ஆவணப்படம். ஒன்பதிலும் இயக்கம் என்று வருவது என் அண்ணன் பெயர். உதவி என்று கடைசியில் பொடி எழுத்தில் ஓடுவது நான். கேமராவை அவன் பிடிப்பான்; பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கேள்வி கேட்பது நான். பேசுகிறவர் தானாகவே மனம் திறப்பதுபோலத் தெரியவேண்டுமே, அதனால் எடிட்டிங்கில் என் கேள்விகளை நானே ஒன்றுவிடாமல் வெட்டி எறிவேன். புத்தி கெட்டவள். போன மாதம் ஒரு விருது மேடையில், "கல்லையும் பேச வைப்பவர்" என்று அண்ணனைப் புகழ்ந்தார்கள். கூச்சமே இல்லாமல் தலையாட்டினான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பத்தாவது படம், தொழிற்சாலைத் தீயில் மகனைப் பறிகொடுத்த ஒரு அம்மாவைப் பற்றியது. இந்த முறை என் கேள்விகளில் கை வைக்கவில்லை. இயக்கம் என்று என் பெயர் வராவிட்டால் படம் எடிட்டிங் அறையைத் தாண்டாது என்று அண்ணனுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

வந்தான். உட்காரவில்லை.

"ஓட்டு. மகாராணி குரலைக் கேப்போம்."

ஓட்டினேன்.

"கடைசியா போன்ல பையன் என்னம்மா சொன்னான்?" என்றது என் குரல். அந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டார்.

"சொல்லுங்கம்மா, என்ன சொன்னான்?" அவர் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"என்ன சொன்னான்?"

"கதவு திறக்கலம்மான்னு..." என்று சொல்லி உடைந்துபோனார்.

அன்று கேள்வி கேட்கும்போது ஒன்றும் தெரியவில்லை. இப்போது என் குரல் எனக்கே கொடூரமாகக் கேட்டது.

அண்ணன் சிரித்தான். "இதுதான் உன் திறமையா? தாராளமா உன் பேரைப் போட்டுக்க. என் பேரை எடுத்துடு, தாயே. ஊரே காறித் துப்புறப்ப நான் பக்கத்துல நிக்க மாட்டேன்."

படத்தைப் பின்னால் நகர்த்தி, இரண்டாம் கேள்விக்கும் மூன்றாம் கேள்விக்கும் நடுவில் சத்தத்தை முழுக்கக் கூட்டினேன். கேமராவுக்குப் பின்னாலிருந்து ஒரு ஆண் குரல் கிசுகிசுத்தது.

"விடாத. அழப்போறாங்க. இன்னொரு தடவை கேளு."

என் கேள்விகளோடு சேர்த்து இத்தனை வருஷமாக நான் வெட்டி எறிந்தது இதையும்தான்.

அண்ணன் கை கீபோர்டுக்குப் பாய்ந்தது. தட்டிவிட்டேன்.

"அதை எடுத்துடு," என்றான். குரல் இறங்கியிருந்தது.

"எடுக்க மாட்டேன். ரெண்டு பேர் பேரையும் ஒரே வரியில போடறேன். ஊர் துப்பட்டும், ஆளுக்குப் பாதி வாங்கிக்குவோம்."