மாற்றல் வேண்டும்

கம்ப்யூட்டர் தப்பே செய்யாது என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். செய்யும். ஆனால் எங்கள் ஆபீசில் அதற்கு வாய்ப்பே கிடைப்பதில்லை, மனிதர்கள் முந்திக்கொள்கிறார்கள்.

கம்ப்யூட்டர் கோளாறு பார்ப்பது என் வேலை. அந்த வியாழக்கிழமை காலை என்னைக் கூப்பிட்ட கணக்குப் பிரிவு அக்காவுக்கு அழுது அழுது கண் சிவந்திருந்தது. கணவரும் மகளும் வேறு ஊரில் இருக்கிறார்கள். அந்த ஊர்க் கிளைக்கு மாற்றல் கேட்க மேலாளரிடம் பத்து நிமிடம் வேண்டும். மறுநாளோடு மாற்றல் பட்டியலை மூடிவிடுவார்கள். ஆனால் காலண்டரில் பெயர் இல்லாதவர் மேலாளர் அறைக்குள் கால் வைக்க முடியாது. அக்கா மெயிலில் சந்திப்புக் கேட்பார், வேறு தேதியோடு திரும்பி வரும். சரி என்று ஒப்புக்கொள்வார், மறுபடியும் வேறு தேதி வரும். வாரக்கணக்கில் இதே கூத்து.

"ஏண்டி, இந்த சாஃப்ட்வேருக்கு என்மேல என்ன கோபம்?" என்றார்.

நோண்டிப் பார்த்தேன். மேலாளர் தன் காலண்டரைத் திருத்தும் அனுமதியை மனைவியின் தம்பிக்குக் கொடுத்திருந்தார். தற்காலிக உதவியாளராக வந்தவர். மேலாளருக்கு மச்சான் என்பதால் ஆபீசுக்கே மச்சான்.

நேரே போய்க் கேட்டேன். அவர் பெருமையோடு திரையைத் திருப்பிக் காட்டினார். அக்கா அனுப்பிய கோரிக்கையின் தலைப்பு: 'மாற்றல் வேண்டும்'.

"அவங்கதான் மாத்தணும்னு கேக்குறாங்க. நானும் சலிக்காம மாத்திக்கிட்டே இருக்கேன். எந்தத் தேதியும் அவங்களுக்குப் பிடிக்கல போல."

தலையில் அடித்துக்கொள்ளாத குறைதான். மாற்ற வேண்டியது தேதியை இல்லை, ஊரை என்று விளக்கினேன். அப்படியா என்றவர், அடுத்த புதன் வரை அத்தானுக்கு நேரமே இல்லை என்று கையை விரித்துவிட்டார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் நல்ல புத்தி எட்டிப் பார்க்கவில்லை. அக்காவை எழுப்பிவிட்டு அவர் நாற்காலியில் உட்கார்ந்து புதிதாக ஒரு கோரிக்கை அனுப்பினேன். தலைப்பு: 'மச்சான் பணி நிரந்தரம்'.

நான் எழுந்திருப்பதற்குள் ஏற்றுக்கொண்டதாகப் பதில் வந்துவிட்டது. அன்று மதியமே சந்திப்பு. அந்த நேரத்தில் இருந்த தணிக்கைக் கூட்டத்தை அடுத்த மாதத்துக்குத் துரத்தியிருந்தார் மச்சான்.

உள்ளே போனதும் மேலாளர் தலைப்பைப் பற்றிக் கேட்டிருக்கிறார். அக்கா அசரவில்லை. நான் போனால் என் இடம் காலியாகும், உங்கள் மைத்துனரை அதில் போடலாமே என்றாராம். இதற்காக வீட்டில் தினமும் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்த மனிதர் அங்கேயே கையெழுத்துப் போட்டுவிட்டார்.

வெளியே வந்த அக்கா என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். எனக்கும் அழுகை வந்தது, சந்தோஷத்தில்தான்.

அடுத்த மாதம் அவர் கிளம்பிப் போனார். அவர் நாற்காலியில் மச்சான். என் சம்பளம் உட்பட எல்லோர் சம்பளத்தையும் போடுவது இனி அவர்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. சொந்தச் செலவில் சூனியம் என்பது இதுதான். முதல் வேலையாக அவர் எனக்கு ஒரு சந்திப்புக் கோரிக்கை அனுப்பியிருந்தார். தலைப்பு: 'சம்பளம் போடுவது எப்படி?'