கயிற்றுப் பையின்மேல் சாய்ந்த கேமரா

சோச்சா ஆற்றங்கரைப் பாறையில் நேஷா குப்புறப் படுத்திருந்தாள். ஞாயிறன்று நடக்கவிருந்த படகுப் போட்டியைப் படமெடுக்க முதன்முறையாக அவளை அழைத்திருந்தார்கள். அதற்குள், பாயும் படகோடு கேமராவைச் சீராகத் திருப்பக் கை பழகியாக வேண்டும். தம்பி காஷ்பர் அவளுக்காக இரண்டு முறை அருவிச் சரிவில் படகை இறக்கிவிட்டான். இரண்டு முறையும் அவன் முகம் கலங்கலாகவே பதிந்தது.

ஆபத்தில் எறிவதற்கான கயிற்றுப் பையோடு கரையில் நிற்பவர் கையில் வேறெதுவும் இருக்கக் கூடாது என்பது அங்கே படகோட்டுவோர் மீறாத விதி. அன்று அந்தப் பொறுப்பை ஏற்கவேண்டிய நண்பன் காய்ச்சலில் கிடந்தான். அவனுக்குப் பதில் அதை ஏற்றிருந்த நேஷாவோ அந்தப் பையையே லென்ஸுக்கு அணையாக வைத்திருந்தாள்.

"இதுவும் போச்சா? ஆணியடிச்ச மாதிரி நிக்கிற பாறையை எடு, அது படத்துல நல்லா விழும்," என்றான் காஷ்பர். பனியுருகிய நீரில் அவன் உதடு நீலம் பாரித்திருந்தது.

"உன் மூஞ்சிக்கு இதுவே அதிகம்டா. இன்னும் ஒரே தடவை."

"தோள் விட்டுப்போச்சுக்கா."

"ஒரே தடவை. என் ராசால்ல."

அவன் முனகிக்கொண்டே படகைத் தூக்கித் தோளில் வைத்தான்.

இம்முறை எல்லாம் கூடிவந்தது. நீர் வெள்ளைக் கோடுகளாக இழுபட, அவன் முகம் மட்டும் தெளிந்து நின்றது. சரிவின் அடியில் படகு கவிழ்ந்தது. அசைவு அடங்கும்வரை எடுக்கக் கூடாதென்று வாரக்கணக்காகப் பழக்கிய விரல் கேமராப் பொத்தானை அழுத்தியபடியே இருந்தது. துடுப்பு துள்ளியது, மஞ்சள் தலைக்கவசம் எழுந்தது, அமிழ்ந்தது, மறுபடி எழுந்தது. நன்றாக வருகிறது என்றே அவள் நினைத்தாள். அதற்குப் பிறகு தலைக்கவசம் எழவில்லை.

அவள் பையை உருவி எறிந்தாள். கயிறு காலிப் படகின்மேல் போய் விழுந்தது.

மீட்புக் குழுவினர் ஆற்று வளைவுக்குக் கீழே காஷ்பரின் உடலைக் கரையேற்றியபோது பொழுது சாய்ந்திருந்தது. குழுத்தலைவர் ஸ்ரெச்கோ அவளருகே குந்தி உட்கார்ந்தார்.

"கவிழ்ந்ததும் கயிறு எறிஞ்சியாம்மா?"

"உடனே எறிஞ்சேன்."

அவர் எழுதிக்கொண்டார். "அப்போ உன் கையில ஒண்ணுமில்லம்மா. மனசைப் போட்டு வதைச்சுக்காத."

அந்தக் கனிவை அவளால் தாங்க முடியவில்லை. கேமராவை அவரிடம் நீட்டினாள்.

"உடனே இல்ல. அவன் கவிழ்ந்தப்புறம் நூத்திப்பன்னிரண்டு படம் எடுத்திருக்கேன். நீங்க தேடிட்டிருக்கும்போது எண்ணிப் பாத்தேன். எல்லாத்துலயும் நேரம் பதிஞ்சிருக்கு."

ஸ்ரெச்கோ எழுதிய வரியை அடித்துவிட்டு, கவிழ்ந்தபின் எடுத்த முதல் படத்தின் நேரத்தைக் கேட்டார்.