பக்கத்து சீட்டின் எடை

அழுக்குத் துணி எடை போடும் தராசில் எங்கள் பிக்கப் வண்டியின் பக்கத்து சீட்டைத் தூக்கி வைத்துவிட்டு, என் வீட்டுக்காரர் இடுப்பில் கைவைத்து நின்றார். முள் இருபதில் போய் நின்றது.

"பாத்தியா! இருபது கிலோ!" என்றார். அப்புறம் என்னைத் தலையிலிருந்து கால்வரை ஒரு பார்வை பார்த்தார். "நீ ஒரு அறுபத்தஞ்சு இருப்பியா?"

"எதுக்குக் கேக்குறீங்க?"

"சீட்டும் நீயும் சேந்தா எண்பத்தஞ்சு. இத்தனை வருஷமா தெனம் எண்பத்தஞ்சு கிலோவைச் சும்மா ஏத்திக்கிட்டு ஊர் சுத்தியிருக்கேன். அப்புறம் மைலேஜ் எங்கேருந்து வரும்?"

சும்மாவாம்! பதினோரு வருஷமாக அந்த சீட்டில் நான் சும்மா உட்கார்ந்திருந்தேனாம். கிளினிக் டாக்டர்களின் வெள்ளைக் கோட்டுகளை இஸ்திரி போட்டு, மூட்டைகளோடு பின்னால் போட்டால் கசங்கிவிடும். அதனால் பன்னிரண்டு கோட்டையும் மடியில் கிடத்தி, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, மூக்கு அரித்தால்கூடச் சொறிய முடியாமல் போய்வந்தவள் நான். எனக்கு வந்த கோபத்துக்கு அவரையே தூக்கித் தராசில் வைத்திருப்பேன். ஆனால் வாயை மூடிக்கொண்டேன். மைலேஜ் குறைந்ததற்குக் காரணம் சீட்டும் இல்லை, என் எடையும் இல்லை. உண்மையான காரணம் எனக்குத் தெரியும், அதை வெளியே சொல்ல முடியாத நிலையில் இருந்தேன்.

விவரமாகச் சொல்கிறேன். எங்களுக்குச் சலவைத் தொழில். வீட்டின் முன்பக்கம் முழுக்க மெஷின்கள். துவைக்க இரண்டு, உலர்த்த ஒரு டிரையர், நடுவில் நீளமாக மடிப்பு மேஜை. வாடிக்கை என்று இரண்டு லாட்ஜ், ஒரு கிளினிக். காலையில் வெளுத்ததைக் கொடுத்துவிட்டு அழுக்கை எடுத்து வருவோம். போக வர முப்பத்தாறு கிலோமீட்டர். வண்டியின் மீட்டர் செத்து நாலு வருஷம் ஆகிறது. சரி பண்ணுங்கள் என்றால், "முப்பத்தாறுன்னு தெரிஞ்ச வழிக்கு மீட்டர் எதுக்கு?" என்பார். தினமும் காலையில் பங்க்கில் டேங்க்கை முட்ட நிரப்புவார். எத்தனை லிட்டர் பிடித்ததோ அதை வைத்து முப்பத்தாறை வகுப்பார். மூன்று லிட்டர் பிடிக்கும், லிட்டருக்குப் பன்னிரண்டு. வருஷக்கணக்காகப் பன்னிரண்டுதான். பெற்ற பிள்ளை முதல் மார்க் வாங்கின மாதிரி அந்தப் பன்னிரண்டை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அது ஒன்பதாக இறங்கியது இரண்டு மாதத்துக்கு முன்பு. நான் வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ள ஆரம்பித்ததும் இரண்டு மாதத்துக்கு முன்புதான்.

அவரிடமே கற்றிருக்கலாமே என்று கேட்காதீர்கள். போன வருஷம் ஒரு தடவை கற்றுக்கொடுத்தார். மொத்தம் எட்டு நிமிஷம். வண்டி மூன்று முறை ஆஃப் ஆனது. தெருமுனையில் இறங்கி நின்றுகொண்டு, நாலு பேர் காது கேட்க, "நீ இஸ்திரிப் பெட்டியோட நிறுத்திக்க தாயே, இது உனக்கு வராது" என்று கும்பிட்டார். நாலு பேரும் சிரித்தார்கள். எனக்கு வலித்தது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை, ரொம்ப வலித்தது.

அடுத்த தெருவில் பள்ளிக்கூட வேன் ஓட்டும் அக்கா ஒருத்தி இருக்கிறாள். மத்தியானம் அவளுக்கு ஓய்வு. எங்கள் வீட்டுக்காரருக்கு மத்தியானம் இரண்டிலிருந்து நாலு வரை தூக்கம். டிரையர் ஓடுகிற சத்தம் மட்டும் காதில் விழுந்துகொண்டிருந்தால் இடி விழுந்தாலும் எழமாட்டார். ஆகவே நான் டிரையரைப் போட்டுவிட்டு, பழகுநர் லைசென்ஸைப் பையில் வைத்துக்கொண்டு, அக்காவை ஏற்றிக்கொண்டு, மூடிக்கிடக்கும் மரக்கிடங்குக்குப் பின்னால் இருக்கும் காலி மைதானத்துக்குப் போய்விடுவேன். முதல் கியர், இரண்டாம் கியர், ரிவர்ஸ், மறுபடி முதல் கியர். டீசல் குடிக்கத்தான் செய்யும். யாருக்கும் தெரியாமல் ஊற்றி வைக்கலாம் என்றால் பங்க்காரர் இவருடைய உயிர்ச் சினேகிதர். நான் கேனோடு போய் நின்றால், நான் வீடு திரும்புமுன் செய்தி வீட்டுக்கு வந்திருக்கும்.

லைசென்ஸ் வாங்கி அவர் முகத்துக்கு நேரே நீட்ட வேண்டும், அதுவரை மூச்சுவிடக் கூடாது. இதுதான் என் திட்டம்.

அவருடைய திட்டம் வேறு. முதலில் நாலு டயருக்கும் காற்று. பிறகு ஏர் ஃபில்டரை மாற்றினார். ஏசியை நிறுத்தினார். கிளினிக் வாசலில் இறங்கும்போது அப்போதுதான் குளித்துவிட்டு வந்த மாதிரி இறங்கினார். பின்னால் கட்டியிருந்த தார்ப்பாய் காற்றைப் பிடிக்கிறது என்று அவிழ்த்தார். அன்றைக்கே லாட்ஜ் தலையணை உறை ஒன்று பறந்துபோய், பின்னால் வந்த மோட்டார் சைக்கிள்காரரின் முகத்தில் ஒட்டிக்கொண்டது. அந்த மனிதர் இரண்டு தெரு துரத்தி வந்து, உறையையும் கொடுத்து, வாய்க்கு வந்ததையும் கொடுத்துவிட்டுப் போனார். ஸ்டெப்னி, ஜாக்கி, ரப்பர் மிதியடி எல்லாம் ஒவ்வொன்றாக வீட்டுக்குள் குடிவந்தன. அப்புறம் முப்பதுக்கு மேல் போவதில்லை என்று சபதம். சைக்கிள்காரர்கள் மணியடித்து எங்களை முந்திக்கொண்டு போனார்கள்.

இத்தனையும் செய்த பிறகு ஒன்பது எட்டானது.

அதற்கும் நான்தான் காரணம். வண்டி லேசாக ஆக ஆக ஓட்டுவதற்குச் சுகமாகிவிட்டது. இன்னும் ஒரே ஒரு சுற்று என்று அக்காவைக் கெஞ்ச ஆரம்பித்திருந்தேன். அந்த எட்டைப் பார்த்துவிட்டுத்தான் இவர் ஸ்பானரும் கையுமாகப் பக்கத்து சீட்டுக்கு வந்தார்.

சீட் போன பிறகு, கவிழ்த்துப் போட்ட சோப்புத்தூள் வாளியில் உட்கார்ந்துதான் அக்கா கற்றுக்கொடுத்தாள். "பிரேக்கைப் பதமா அமுக்குடி, நான் கண்ணாடி வழியா வெளிய போயிடப் போறேன்!" என்று அலறுவாள். என் கால் பதப்பட்டது அந்த வாளியால்தான்.

மைலேஜ் குறைந்த பழி முழுக்க என் தம்பி தலையில் விழுந்தது. அவன் மெக்கானிக். "உன் கைவேலை சரியில்ல மச்சான்" என்று இவர் வாரத்துக்கு இரண்டு தடவை வண்டியைக் கொண்டுபோய் அவன் பட்டறையில் நிறுத்துவார். அவன் ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டான்.

"அக்கா, வண்டியில கிளட்ச் கருகின வாடை வருது. டிரைவர் சீட் வேற முன்னாடி தள்ளியிருக்கு."

"அதுக்கு என்ன?"

"மாமாவுக்குத் திடீர்னு கால் குட்டையாயிடுச்சான்னு கேக்குறேன்."

சொல்லிவிட்டேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பிறகு சட்டென்று சிரிப்பை நிறுத்தினான். "ஐயோ அக்கா, மாமா வண்டியை விக்கப் போறார். செங்கல் வியாபாரி ஒருத்தர் சனிக்கிழமை வந்து பாக்குறாராம். உனக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. லைசென்ஸ் பரீட்சை வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு. இப்போதே சொன்னால் வண்டி பிழைக்கும். ஆனால் பரீட்சைக்கு விடமாட்டார், தெருமுனைச் சிரிப்பு மறுபடி கேட்கும். சொல்லாவிட்டால் லைசென்ஸ் இருக்கும், ஓட்ட வண்டி இருக்காது. நடுவில் ஒரே ஒரு சாயங்காலம் இருந்தது. வெள்ளிக்கிழமை பாஸ் பண்ணிவிட்டு வந்து அன்றைக்கே உடைத்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

"ஃபெயிலானா?" என்றான் தம்பி.

"வாயைக் கழுவுடா."

அப்புறம்தான் உறைத்தது. பரீட்சை வைக்கிற அதிகாரி பக்கத்தில் உட்கார்ந்துதான் பார்ப்பார். அவரை வாளியிலா உட்காரவைப்பது?

வெள்ளிக்கிழமை இவர் குறட்டைவிட ஆரம்பித்ததும் தம்பி பூனை மாதிரி வந்து சீட்டைத் தூக்கி வண்டியில் வைத்தான். நாலு போல்ட்டில் இரண்டுதான் கிடைத்தது. மீதி இரண்டை இந்த மனிதர் எங்கே போட்டாரோ! தேட நேரமில்லை. அந்த இரண்டையும் அவன் முறுக்கியதும், நானும் அக்காவும் கிளம்பினோம்.

அதிகாரி பெரிய மீசை வைத்தவர். சிரிக்கவே மாட்டார் போலிருந்தது. நான் பிரேக் போடும்போதெல்லாம் சீட் முன்னால் சாய்ந்து, அவர் கண்ணாடியைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். கிளப்பும்போதெல்லாம் அண்ணாந்து கூரையைப் பார்த்தார். ரிவர்ஸை மட்டும் ஒரே மூச்சில், ஒரு கம்பத்தையும் தொடாமல் முடித்தேன். என் ஓட்டத்தைப் பார்த்துப் பாஸ் போட்டாரா, முழுசாக இறங்கினால் போதும் என்று போட்டாரா தெரியாது. பாஸ்! எனக்கு அழுகை வந்துவிட்டது. அக்கா என் முதுகில் ஒரு குத்து விட்டாள்.

அக்காவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினால், வாசலில் இவர் நிற்கிறார். அருகில் செங்கல் வியாபாரி. சனிக்கிழமை வரவேண்டியவர், வேறு வேலை இருக்கிறது என்று ஒரு நாள் முன்னாலேயே வந்து, டிரையர் ஓடி நின்ற நேரத்தில் கதவைத் தட்டி இவரை எழுப்பிவிட்டார். விற்க வேண்டிய வண்டியைக் காணோம் என்று இரண்டு பேரும் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் வளைத்துக் கொண்டுவந்து, வாசற்படிக்கு நேராக நிறுத்தினேன். இவர் வாய் திறந்தபடி இருந்தது. கடைசியில் ஒரு வார்த்தை வந்தது.

"அந்த சீட்டை எவன் மாட்டினான்?"

கட்டின பெண்டாட்டி வண்டியை ஓட்டிக்கொண்டு வருகிறேன், இவர் கண்ணில் சீட்தான் படுகிறது! இறங்கி, பாஸ் போட்ட தாளை முகத்துக்கு நேரே நீட்டினேன். படித்தார். திருப்பிப் படித்தார். பிறகு உதடு மெல்ல அசைந்தது. வகுக்கிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"எத்தனை நாளா?"

"ரெண்டு மாசமா. ஞாயித்துக்கிழமை தவிர."

"அப்போ வண்டி..."

"பன்னெண்டுதான் குடுக்குது. என்னைக்கும் பன்னெண்டுதான் குடுத்துச்சு. மிச்சத்தை நான் குடிச்சேன்."

செங்கல் வியாபாரி நிமிர்ந்தார். "பன்னெண்டா? எட்டுன்னுதானே இவர் சொன்னார்! அப்போ இப்பவே எடுத்துக்கிறேங்க."

"இல்லைங்க, விக்கல," என்றார் இவர்.

"இப்பத்தானே விக்கிறேன்னீங்க?"

"அது எட்டு குடுத்த வண்டிங்க. இது வேற வண்டி."

வியாபாரி தலையில் அடித்துக்கொண்டு போனார். அக்காவும் நைசாக நழுவினாள். இவர் வண்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். கீறல் தேடுகிறார். ஒன்றும் இல்லை.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" என்றார், குரல் இறங்கி.

"எட்டு நிமிஷத்துல வராதுன்னுட்டீங்களே."

தாளை மடித்து என் கையில் திருப்பிக் கொடுத்தார்.

மறுநாள் காலை தம்பி இரண்டு புது போல்ட்டும் ஸ்பானருமாக வந்தான். நான் சாவியோடு டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்தேன்.

"மாமா, சீட்டைக் கழட்டணுமா, இறுக்கணுமா?" என்றான், முகத்தை ரொம்பச் சாதுவாக வைத்துக்கொண்டு.

"இறுக்குடா, இறுக்கு."

"யோசிச்சுச் சொல்லுங்க," என்றேன் நான். "சீட் இருபது, நீங்க எழுபத்தெட்டு. தொண்ணூத்தெட்டு கிலோ. மைலேஜ் என்னத்துக்காகுறது?"

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாது," என்று முனகிக்கொண்டே ஏறினார். பன்னிரண்டு கோட்டையும் அவர் மடியில் கிடத்தினேன். இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டார். கிளப்பினேன். ஒரு உதறல்கூட இல்லாமல் கிளம்பியது.

பங்க் தாண்டினோம். பெரிய சாலைக்கு வந்தோம். அவர் மூக்கைச் சுளித்தார், உதட்டைக் கோணினார், தோளில் தேய்த்துப் பார்த்தார்.

"ஏம்மா, மூக்கு அரிக்குது."

"கையை எடுக்காதீங்க. கசங்கிடும்."

முதல் லாட்ஜ் நெருங்கும்போது, கோட்டுகளைப் பார்த்தபடியே கேட்டார்: "தெனமும் இப்படியா பிடிச்சுக்கிட்டு வந்தே?"

"இல்லைங்க," என்று கியரை மாற்றினேன். "சும்மா உக்காந்து வந்தேன்."