ஈரச் சோளம்

மகள் அப்பாவின் நகக்கண்ணிலிருந்த மண்ணையெல்லாம் துடைத்துவிட்டு வெளியே வந்தபோது, வாசலில் சோளத்தைக் காணவில்லை. காலையில் அவர் காயப்போட்ட சோளம். பரப்பிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. சோளம் கிடந்த இடத்தில் இப்போது பிளாஸ்டிக் நாற்காலிகள்.

"பெரியப்பா, சோளம் எங்க?"

"வாரிக் கொட்டகைல குவிச்சு, தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டியாச்சும்மா. மழை வேற வருது. வர்றவங்க உக்கார எடம் வேணாமா?" ஏதோ பெரிய உபகாரம் செய்த தோரணையில் சொன்னார்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காயாத சோளத்தை மூடி வைப்பார்களா? உள்ளேயே புழுங்கிச் சூடேறிப் பூசணம் பிடித்துவிடாதா? அப்பாவுக்குக் கூடப்பிறந்த அண்ணன், இதுகூடத் தெரியாமல் என்ன நாட்டாமை!

அப்பா பட்ட பாடு கொஞ்சமா? முதலில் போட்ட சோளத்தைக் கிளிகள் ஒரு கதிர் மிச்சம் வைக்காமல் தின்று தீர்த்தன. அடுத்தது அடைமழையில் கதிரிலேயே முளைத்துப் போனது. பழைய சட்டைகளைக் கிழித்துப் பை தைத்து, ஒவ்வொரு கொய்யாக்காய்க்கும் கட்டினார். அப்படியும் ஈ எப்படித்தான் புகுந்ததோ, வெட்டிய பழமெல்லாம் புழு. சொந்தக்காரர்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். அம்மா மட்டும் சளைத்தவளா? "கடைல கெடைக்காததா? அந்த மண்ணையே கட்டிக்கிட்டு அழுங்க" என்று தினமும் ஒரு பாட்டுப் பாடுவாள். நம் நிலத்தில் விளைந்ததை ஒரு வேளையாவது வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட வேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை. இந்தத் தடவைதான் சோளம் வீடு வரைக்கும் வந்திருந்தது.

"தோட்டம் தோட்டம்னு அலைஞ்சுதான் உசுர விட்டான்" என்று பெரியப்பா யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்.

"நீங்க ஒரு நாளாவது வந்து ஒரு கிளிய ஓட்டியிருக்கீங்களா?" என்று வெடுக்கென்று கேட்டுவிட்டு அவள் கொட்டகைக்குப் போனாள்.

முடிச்சை அவிழ்த்து, முழங்கை வரை குவியலுக்குள் கையை விட்டாள். சுட்டது. சற்று முன் அவள் துடைத்த அப்பாவின் விரல்கள் சில்லென்று இருந்தன. கையை வெளியே எடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

மழை பிடித்துக்கொண்டது. கொட்டகையில் பரப்ப இடமில்லை, கூரையும் ஒழுகியது. வீட்டில் தோதான இடம் ஒன்றுதான் இருந்தது. அவள் கூடையில் அள்ளிக்கொண்டு போய், கூடத்தில் அப்பாவைக் கிடத்தியிருந்த கட்டிலைச் சுற்றிக் கொட்ட ஆரம்பித்தாள். மழைக்கு உள்ளே வந்து உட்கார்ந்திருந்தவர்கள் பதறி எழுந்தார்கள்.

"ஏய், உனக்கென்ன புத்தி கெட்டுப்போச்சா?" பெரியப்பா கத்தினார். "பொணம் கெடக்குற எடத்துல எவனாவது சோளம் காயப்போடுவானா? நாலு பேர் என்ன சொல்லுவாங்க?"

"நாலு பேரும் கொஞ்சம் கால தூக்கிக்கட்டும்."

அவள் அடுத்த கூடைக்குப் போய்த் திரும்பி வந்தாள். வயிற்றெரிச்சலில் அவளுக்குக் கண்ணீர்கூட வரவில்லை.

பெரியப்பா அம்மாவின் பக்கம் திரும்பினார். "நீயாவது உன் பொண்ணுக்குச் சொல்லேம்மா."

காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசாமல் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அம்மா எழுந்தாள். கூட்டம் விலகி வழி விட்டது. சோளத்தை மிதித்துவிடாமல் சுவரோரமாகவே நடந்து போய், மின்விசிறியின் குமிழைக் கடைசி வரை திருகினாள். அப்பாவின் மேலிருந்த போர்வை படபடத்தது. திரும்பி வந்து அதை அவர் காலடியில் இழுத்துச் செருகினாள். பிறகு தரையில் உட்கார்ந்து, குவியலை இரண்டு கையாலும் பரப்பத் தொடங்கினாள்.