காசியோபியாவின் நடு நட்சத்திரம்

கோளரங்கத்தில் பத்தொன்பது வருஷமாக வானத்தைக் காட்டிப் பேசுகிறவள் நான். வந்து ஆறு மாதம்கூட ஆகாத அந்தப் புதுக்குரலைக் கண்டால் எனக்கு வயிறு எரியும். இதில் மூடி மறைக்க என்ன இருக்கிறது? அவள் காட்சி முடிந்தால் பிள்ளைகள் வாசலில் அவளை மொய்த்துக்கொள்வார்கள். என் காட்சி முடிந்தால் கழிப்பறை எந்தப் பக்கம் என்று கேட்பார்கள்.

அடுத்த மாதம் வரும் புதுக் காட்சிக்கு ஒரே ஒரு குரலைத்தான் பதிவுசெய்யப் போகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக் காட்சியைப் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாக மேலாளர் சொன்னார். மூன்று மணி அவளுடையது. எனக்கு வழக்கம்போலக் காலை பதினொன்று. என்னைத்தான் இத்தனை வருஷமாகப் பார்க்கிறாராம், தனியாக வேறு பார்க்க வேண்டுமா என்றார். அது பாராட்டா, பழிப்பா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

புதுக்குரலுக்குக் காசியோபியா என்றால் உயிர். வடக்கு வானத்தில் டபிள்யூ எழுத்துபோல வளைந்து நிற்கும் ஐந்து நட்சத்திரங்கள். அவற்றைப் பிள்ளைகளையே எண்ணச் சொல்வாள். எண்ணட்டும், எண்ணும்போது முழிக்கட்டும் என்று நினைத்தேன். ஞாயிறு காலை மெக்கானிக், வானத்தைக் காட்டும் புரொஜெக்டர் உருண்டையைத் துடைக்கத் திறந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார். அந்த உருண்டையில் ஓர் ஓட்டைக்கு ஒரு நட்சத்திரம். காசியோபியாவின் நடு ஓட்டை எது என்று கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்வேன். நகத்தில் பாதிகூட இல்லாத கறுப்பு டேப்பை அதன்மேல் ஒட்டினேன். என் காட்சியில் அந்தப் பக்கமே போகாமல் இருந்துவிட்டால் போதும்.

பதினொரு மணிக்கு என் வாய் சும்மா இருக்கவில்லை. மனப்பாடம் ஆயிற்றே. இதோ ஐந்து நட்சத்திரங்கள் என்று சொல்லி முடித்த பிறகுதான் எனக்குத் திக்கென்றது. அரங்கத்தில் இருநூறு பேர். ஒருவரும் மூச்சு விடவில்லை. அப்பாடா, தப்பித்தோம் என்று அடுத்ததற்குப் போய்விட்டேன்.

மூன்று மணிக்கு மேலாளருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எண்ணலாமா என்று அவள் கேட்டதுதான் தாமதம், முன்வரிசையிலிருந்து ஒரு சிறுமியின் குரல் வந்தது.

"அக்கா, நாலுதான் இருக்கு."

தொலைந்தாள் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவளோ சிரித்தாள்.

"ஆமா, நாலுதான். ஒண்ணு எங்கயோ ஒளிஞ்சிருக்கு. எங்க இருக்கணும்னு விரலை நீட்டிக் காட்டுங்க பாப்போம்."

மங்கிய வெளிச்சத்தில் அத்தனை விரல்களும் சொல்லிவைத்தாற்போல் ஒரே இடத்துக்கு நீண்டன. மேலாளர் கைதட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

காட்சி முடிந்ததும் மெக்கானிக் உருண்டையைத் திறந்து, அந்த டேப்பை விரல்நுனியில் எடுத்து வந்தார். எங்கிருந்தாவது வந்து ஒட்டியிருக்கும், காலையில் மூடிய பிறகு இப்போதுதான் திறக்கிறேன் என்றார். மேலாளர் என் பக்கம் திரும்பினார்.

"அப்ப காலையிலயும் நாலுதானா? நீங்க பாக்கலையா?"

பார்க்கவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அதோடு போயிருக்கும். ஆனால் புதுக்குரல் என்னைப் பாவம் என்பதுபோலப் பார்த்தாள். அதை மட்டும் என்னால் தாங்க முடியவில்லை.

"பாக்காம இருப்பேனா? நான்தான் ஒட்டினேன்" என்றேன்.

 புதுக்குரல் கத்துவாள், திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் அந்த டேப்பை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"அப்போ காலையில ஒருத்தர்கூட எண்ணிப் பாக்கலையாக்கா?"